‘ஸ்டார் டிரெக்’கின் ‘தி இன்னர் லைட்’ எபிசோடை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

சண்டை இல்லை, வில்லன் இல்லை, பிறகு என்னதான் இருக்கிறது என்று கேட்கிறீர்கள். கடைசிக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதனால் நடுநிலையான பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

1992 ஜூனில், அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரான ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷ’னின் ஐந்தாம் சீசனில் வந்தது. யாரோ அனுப்பிய ஒரு ஆய்வுக்கலம் விண்வெளிக் கப்பலின் கேப்டன் பிக்கார்டை மயங்கவைக்கிறது. கப்பலில் கழிவது அரை மணி நேரம்கூட இல்லை. அவர் மனதுக்குள்ளோ ஏறக்குறைய 40 வருடம்! கேமின் என்ற பெயரோடு, மனைவி, பிள்ளைகள், பேரன் என ஒரு முழு வாழ்க்கை. (மகனாக நடித்தவர், பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் சொந்த மகன் டேனியல்.) அவர் வாழ்ந்த அந்தக் கிரகமோ ஆயிரம் வருடத்துக்கு முன்பே அழிந்துபோனது. தாங்கள் இருந்ததை ஒருவராவது நினைவில் வைத்திருக்கட்டும் என்றுதான் அந்த மக்கள் கலத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

கலத்துக்குள் கிடைத்த புல்லாங்குழலை அவர் தனியறையில் வாசிப்பதோடு முடிகிறது. அப்போது வசனமே கிடையாது. வாசிக்கத் தெரிகிறது என்பதே போதும், நமக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது.

1993இல், அறிவியல் புனைவுக்குத் தரப்படும் ஹியூகோ விருதும் கிடைத்தது. எனக்கு ஒரே மனக்குறை: 40 வருடம் வாழ்ந்து திரும்பியவர் அடுத்த எபிசோடிலேயே ஒன்றும் நடக்காததுபோல் வேலை பார்க்கிறார். ஆறாம் சீசனின் ‘லெசன்ஸ்’ எபிசோடில்தான் அந்தக் குழல் மறுபடி பேசப்படுகிறது.