கம்பெனி வேனில் இரண்டு வரி: எழுத நினைக்கும் வாசகிக்குப் பதில்

கேள்வி: அவிநாசிப் பக்கம் கிராமம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பாதி நாள் ஒன்றரை ஷிப்ட், வீடு வர ராத்திரி ஒன்பதாகிவிடும். என் அம்மிச்சியையும் (அம்மாவைப் பெற்றவர்) அவர் குடியிருந்த தோட்டத்துச் சாளையையும் (தோட்டத்து வீடு) வைத்து ஒரு நாவல் எழுத ரொம்ப நாளாக ஆசை. புது நோட்டு வாங்குவேன், இரண்டு பக்கம் எழுதுவேன், நின்றுவிடும். தினமும் எழுதும் பழக்கம் எப்படி வரும்? எங்கள் பேச்சிலேயே எழுதலாமா, நல்ல தமிழில்தான் எழுத வேண்டுமா? பயிற்சி வகுப்பில் சேரட்டுமா? எழுதியதை எங்கே அனுப்புவது?

பதில்: நாவலைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். இரண்டு பக்கத்தோடு நிற்பதற்கு உங்கள் சோம்பல் காரணமாக இருக்காது. புதிதாக எழுதுகிறவர்களிடம் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கண்ணால் பார்த்தது முதல் பக்கத்திலேயே தீர்ந்துபோகும். அடுத்த பக்கத்தில் 'அம்மிச்சி ரொம்பப் பாசமானவர், அந்தக் காலம் மாதிரி வருமா' என்று அபிப்பிராயம் தொடங்கும். அதை வைத்து எத்தனை பக்கம் ஓட்ட முடியும்? உங்களுக்கு இப்போது வேண்டியது சரக்கு. தினசரிப் பழக்கத்தை அந்தச் சரக்குச் சேர்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கதை எழுதுவதைத் தினக் கடமையாக்க வேண்டாம்.

நேரம் பற்றி. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எழுதுவேன் என்று சபதம் எடுக்காதீர்கள். ஒன்றரை ஷிப்ட் நின்ற கால் அதற்கு ஒத்துழைக்காது. ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒன்றோடு எழுத்தைச் சேர்த்துக் கட்டுங்கள். காலையில் கம்பெனி வேன் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்து, நேற்றுப் பார்த்ததில் கேட்டதில் ஒன்றை இரண்டே வரியில் குறித்துவிடுங்கள். மூன்றாவது வரி வந்தால் வரட்டும், தேடிப் போக வேண்டாம். வேன் இல்லாத ஆளாக இருந்தால் காலைக் காபி, சாயங்காலம் தண்ணீர் பிடிக்கும் நேரம், எதுவானாலும் சரிதான். மணிக்கணக்கு பார்ப்பதைவிட 'இது முடிந்ததும் அது' என்ற வரிசையே பழக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அது கைமாறிக் கைமாறி எல்லாப் பழக்கத்துக்கும் சட்டமாகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். சாப்பாட்டோடு பழம் தின்பது, தண்ணீர் குடிப்பது, ஓடுவது போன்ற பழக்கங்கள்தான். தன்னியல்பாக வர ஆளுக்குத் தகுந்தபடி 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவாக 66. தண்ணீர் குடிப்பதைவிட எழுதுவது கடினம், அதனால் உங்களுக்குக் கூடவே ஆகலாம். அந்த ஆய்வில் உங்களுக்கு உபயோகமான இன்னொன்றும் உண்டு: ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போனால் புது நோட்டு வாங்கி முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். விட்ட இடத்துக்குக் கீழேயே எழுதுங்கள்.

குறிப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும்? நானாக ஒன்றை இட்டுக்கட்டிக் காட்டுகிறேன். 'அம்மிச்சி விருந்தாளிகளை அன்போடு உபசரிப்பார்' என்பது குறிப்பு ஆகாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஒறம்பரை வந்தால் அம்மிச்சி செம்பில் தண்ணி குடுத்துவிட்டு, எந்த இட்டேறில வந்தீங்கன்னு கேக்கும். மேக்கால இட்டேறின்னா மூஞ்சி மாறிப்போகும். அந்தப் பக்கம் சின்னவர் தோட்டம்.' ஒறம்பரை என்றால் விருந்தாளி, இட்டேறி என்றால் வேலிகளுக்கு நடுவே போகும் தோட்டத்துப் பாதை. இதில் அன்பு என்ற சொல்லே கிடையாது. ஆனால் அண்ணன் தம்பிக்குள் என்ன நடந்தது, கிணற்றுத் தண்ணீரா, வரப்புத் தகராறா என்று படிப்பவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதப் போனால் மூன்றாம் பக்கம் தானாக வரும்.

இப்படித் தினக் குறிப்பு சேர்ப்பது புதிதல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர், தரகர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், ஊரில் என்ன வதந்தி என்பதையெல்லாம் அன்றைய பேச்சுத் தமிழ் நிறையக் கலந்த நடையில் எழுதி வைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டைத் தெரிந்துகொள்ள இன்று ஆய்வாளர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை. மதியம் கறிச்சோறு முடிந்து வீடே தூங்கும் நேரம் உங்களுக்குக் கிடைத்தால், அந்த வாரக் குறிப்புகளில் ஒன்றை எடுத்து ஒரு பக்கம், அதிகம் போனால் ஒன்றரைப் பக்கம், முடிவு வரை எழுதுங்கள். எழுதும்போது திருத்தாதீர்கள். உங்கள் கம்பெனியிலேயே பவர் டேபிளில் தைக்கிறவர் ஒவ்வொரு தையலுக்கும் நிறுத்தி டேமேஜ் பார்ப்பதில்லையே. பீஸ் முழுசாக உங்கள் டேபிளுக்கு வந்த பிறகுதானே டேமேஜ் இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள்? எழுத்தின் நுணுக்கம் பெரும்பாலும் பிடிபடுவது அந்த இரண்டாவது டேபிளில். அடுத்த ஞாயிறு அதை எடுத்துச் சத்தமாகப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை உடையுங்கள். 'மிகவும்', 'அழகான', 'சொல்ல முடியாத' போன்றவற்றை அடித்துப் பாருங்கள், நஷ்டம் ஒன்றும் இருக்காது. முதல் பத்தியையே எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். பாதிக்குப் பாதி தடவை கதை இரண்டாம் பத்தியிலிருந்துதான் கிளம்பும்.

அம்மிச்சி இப்போது இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவரிடம் கேட்டுக்கொண்டு, இல்லையென்றால் அந்த வயதுள்ள சொந்தக்காரர் ஒருவரிடம், பத்து நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு ஒரு சொல் மாற்றாமல் கையால் எழுதுங்கள். பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கை வலிக்கும். ஆனால் ஒரு மனிதர் எங்கே நிறுத்துகிறார், எதைத் திரும்பச் சொல்கிறார், 'ங்க' எங்கே வருகிறது, கோபம் வந்தால் எங்கே காணாமல் போகிறது என்பதெல்லாம் எந்த வகுப்பையும்விட இதில் நன்றாகப் புரியும்.

இதிலேயே உங்கள் பேச்சுமொழிக் கேள்விக்கும் பாதிப் பதில் இருக்கிறது. எங்கள் பேச்சில் எழுதலாமா என்று கொங்கு நாட்டுக்காரர் இன்னும் அனுமதி கேட்பது எனக்கு ஆச்சரியம்தான். தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம் 1942-இலேயே 'நாகம்மாள்' நாவலில் அதைச் செய்துவிட்டார். அதில் மனிதர்கள் கொங்குத் தமிழ் பேசுகிறார்கள், கதை சொல்கிறவரின் நடை பெரும்பாலும் பொதுத் தமிழ். தொடங்குகிறவருக்கு அந்த ஏற்பாடு வசதியானது. ஒன்றில் மட்டும் கவனம்: கொங்குப் பேச்சு ஒன்றல்ல. கோபிக்கும் பொள்ளாச்சிக்கும் வித்தியாசம் உண்டு, சாதிக்குச் சாதி உறவுப் பெயர்கூட மாறும். உங்கள் அம்மிச்சி வாயில் வந்ததை மட்டும் எழுதுங்கள். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதைப் பாருங்கள், அதிலிருந்து சொல்லைப் பொறுக்கி வாக்கியத்தில் பதிக்காதீர்கள், பொருட்காட்சி மாதிரி ஆகிவிடும். 'அம்மிச்சி கேக்கும்' என்பதை யாராவது 'கேட்பார்' என்று திருத்தச் சொன்னால், பாத்திரம் பேசுகிற இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வகுப்பு இப்போது வேண்டாம். பக்கத்து நூலகத்தில் உறுப்பினராகுங்கள். பிடித்த சிறுகதை ஒன்றை இரண்டு தடவை படியுங்கள், இரண்டாம் தடவை பென்சிலோடு: யார் பேசுகிறார் என்பதை எப்படித் தெரிவிக்கிறார், ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்கு எப்படித் தாவுகிறார் என்று மட்டும் பாருங்கள். ஆகஸ்டில் ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் புத்தகத் திருவிழாவுக்கு ஒரு ஞாயிறு போய்வாருங்கள். முடித்த பக்கங்கள் பத்துப் பன்னிரண்டு கையில் சேர்ந்த பிறகு வகுப்புக்குப் போனால் கேட்கவேண்டிய கேள்விகளோடு போவீர்கள்.

அனுப்புவது பற்றி. முதலில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வரப்புத் தகராறு என்றால் இரண்டு தரப்பும் அதில் இருக்கும். ஊர், ஆள் பெயரை மாற்றுங்கள். படிக்கிற பழக்கமுள்ள, சொந்தம் அல்லாத ஒருவரிடம் கொடுத்து, 'எந்த இடத்தில் அலுப்பு தட்டியது' என்று மட்டும் கேளுங்கள். பத்திரிகைக்கு என்றால் யூனிகோடில் தட்டச்சு செய்து, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். அதற்குள் அடுத்ததை எழுதிக்கொண்டிருங்கள்.