துல்பா வலியை வாங்கிக்கொள்ளுமா?

கேள்வி: பல வருடங்களாக ஒற்றைத் தலைவலி. மனதில் ஒரு துல்பாவை உருவாக்கி வலியை அதனிடம் ஒப்படைத்துவிட்டால் போதும், மாத்திரையே வேண்டாம் என்கிறான் நண்பன். நடக்குமா? (வாசகர், திருச்சி)

பதில்: ஒப்படைப்பதெல்லாம் நடக்காது. ஓரளவு குறைக்கலாம்.

மாதக்கணக்கில் விடாமல் கற்பனை செய்து, தானாகவே பேசுவதுபோலத் தோன்றும்வரை வளர்த்தெடுக்கும் மனத்துணைதான் துல்பா. திபெத்தியச் சொல். அலெக்ஸாண்ட்ரா டேவிட்-நீல் 1929-ல் பிரெஞ்சில் எழுதிய நூல்தான் அதை மேலைநாடுகளில் பிரபலமாக்கியது. துல்பாவுக்கென்று தனி நரம்புகள் கிடையாது. இருப்பது உங்கள் மூளைக்குள். வலியை அது வேறெங்கே கொண்டுபோய் வைக்கும்?

ஆனால் வலி என்பது காயத்தின் அளவை அப்படியே காட்டும் மீட்டர் அல்ல. கவனம், பயம், எதிர்பார்ப்பு எல்லாம் அதைக் கூட்டும், குறைக்கும். 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், ஹிப்னாடிசத்துக்கு உட்பட்டவர்களின் கையைச் சூடான நீரில் வைத்து, 'இது அவ்வளவு தொல்லையாக இல்லை' என்று சொன்னார்கள். சூட்டைப் பதிவு செய்யும் மூளைப்பகுதி மாறவில்லை. அதைத் தொல்லையாக உணரும் சிங்குலேட் பகுதியின் வேலைதான் மாறியது. 1978-ல் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் நடந்த சோதனை இன்னும் சுவாரசியம். மருந்தே இல்லாத ஊசியில் வலி குறைந்தவர்களுக்கு நலோக்சோன் கொடுத்ததும் வலி கூடியது. நலோக்சோன், அபின் வகை மருந்துகளை முறிப்பது. அப்படியென்றால் நம்பிக்கையாலேயே உடம்பு சொந்தமாக வலிநிவாரணி சுரந்திருக்கிறது. துல்பா உதவினால், இந்த வழியில்தான் உதவும்.

மாத்திரையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒற்றைத் தலைவலி மருந்துகள் வலி தொடங்கியவுடன் போட்டால்தான் நன்றாகக் கேட்கும். 'துல்பா பார்த்துக்கொள்ளும்' என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தால் இரண்டும் கைவிடும். முதலில் மாத்திரை, அது வேலைசெய்யும்வரை துல்பா.

கேள்வி: எப்படிப் பழகுவது? வலி வரும்போது முயன்றால் ஒன்றுமே நடக்கவில்லை. (வாசகி, கோவை)

பதில்: வலி வரும்போது தொடங்குவதுதான் தப்பு. கிணற்றில் விழுந்தபிறகு நீச்சல் கற்க முடியுமா? வலியில்லாத நாளில், தினம் 10 நிமிடம் பழகுங்கள். 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள். துல்பா உங்கள் வலதுகையைப் பிடித்து, குளிர்ந்த கையுறையை விரல் விரலாக மாட்டுவதாக நினையுங்கள். கை மரத்துப்போன மாதிரி ஆனதும், அந்தக் கையை நெற்றியில் வைத்து மரப்பு அங்கே இறங்குவதாகப் பாருங்கள். ஹிப்னாடிசத்தில் பழைய உத்திதான் இது. துல்பா சொல்வது கூடுதல் நம்பிக்கை தரும், அவ்வளவே.

'வலிக்கவில்லை' என்று அதைச் சொல்ல விடாதீர்கள். அந்த வார்த்தையே வலியைத் தேட வைக்கும். 'சில்லென்று இருக்கிறது' போதும். குறைந்ததா, குறைந்ததா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பதும் கூடாது.

பலன் உண்டா என்று பார்க்க ஒரு பனிக்கட்டி போதும். உள்ளங்கையில் 30 நொடி வைத்து, தொல்லைக்கு 10-க்கு மதிப்பெண் போடுங்கள். 15 நிமிடம் கழித்துத் துல்பாவோடு மீண்டும். இன்னொரு நாள் வரிசையை மாற்றுங்கள். இரண்டாம் முறை பழக்கத்தாலேயே குறையும், அதைத் துல்பாவின் கணக்கில் எழுதக்கூடாது. சர்க்கரை நோயால் கை மரத்தவர்கள், குளிரில் விரல் வெளுப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: என் வலியை வாங்கிக்கொண்டால் துல்பாவுக்கு வலிக்காதா? பாவமாக இருக்கிறது. (வாசகர், சேலம்)

பதில்: அது துடிப்பதாகக் கற்பனை செய்தால் உங்களுக்குத்தான் இன்னும் வலிக்கும். வலியை ஏற்கும் வேலையைத் தராதீர்கள். கையைப் பிடித்துக்கொள்ளும் வேலை போதும். 'மருந்தை நிறுத்து', 'உன்னைக் காயப்படுத்திக்கொள்' என்று ஆணையிடத் தொடங்கினால் பயிற்சியை விட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

நெஞ்சை அழுத்தும் வலி, திடீரென்று இடிபோல வரும் தலைவலி, காய்ச்சலோடு வலது அடிவயிற்று வலி: இவற்றில் துல்பாவைக் கூப்பிட நேரமில்லை, 108-ஐக் கூப்பிடுங்கள்.