சாலிஸ்பரி பிரபு: கேள்வி பதில்

கே: எத்தனை முறை பிரிட்டனின் பிரதமர்?
ப: மூன்று முறை: 1885–86, 1886–92, 1895–1902.

கே: 1866 ஒரிசா பஞ்சத்தின்போது இந்தியா மந்திரி (லண்டன் அமைச்சரவையில் இந்தியாவுக்குப் பொறுப்பானவர்) இவர்தானா? ஆவணங்களில் கிரான்போர்ன் என்றிருக்கிறதே?
ப: இருவரும் ஒருவர்தான். இளைய மகன் என்பதால் 1865 வரை லார்டு ராபர்ட் செசில். அண்ணன் இறந்ததும் கிரான்போர்ன் பிரபு. 1868இல் அப்பா இறந்ததும் சாலிஸ்பரி. முதல் இரண்டும் மரியாதைப் பட்டங்கள், பிரபுக்கள் சபையில் இடம் தராதவை. அதனால்தான் 1853 முதல் ஸ்டாம்ஃபோர்டு உறுப்பினராகக் காமன்ஸ் சபையில் உட்கார முடிந்தது. பெயரைத் தேடுமுன் ஆண்டைப் பாருங்கள். ஒரிசா விஷயத்தில், 1866 ஜூலையில் பதவியேற்று முதல் இரண்டு மாதம் ஒன்றும் செய்யவில்லை. பின்னாளில் அதற்காகத் தம்மையே குறை சொல்லிக்கொண்டார்.

கே: நோபல் பரிசு வாங்கிய ராபர்ட் செசில்?
ப: இவருடைய மகன். பரிசு 1937இல். ஆண்டைப் பாருங்கள் என்றேனே!

கே: தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876–78) இவரைக் குற்றம் சொல்வது நியாயமா? லண்டனில் இருந்தவருக்கு சென்னை ராஜதானியில் நடந்தது எப்படித் தெரியும்?
ப: தந்தி இருந்தது, தெரியும். சென்னை கவர்னர் பக்கிங்காம் கோமகன் 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார். சந்தையில் அரசு தலையிடக் கூடாதென்று வைஸ்ராய் லிட்டன் கண்டித்தார். 1877 ஜனவரியில் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் இருந்த ஆணின் தினக்கூலியை ஒரு பவுண்டு தானிய விலை, மேலே ஒரு அணா என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு இது போதாதென்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். லிட்டனுக்கு மேலே, மறுபடியும் இந்தியா மந்திரியாக இருந்தவர் சாலிஸ்பரி.

கே (அதே நபர்): அந்த ஜனவரியில் அவர் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) மாநாட்டில் அல்லவா இருந்தார்?
ப: சரியான கேள்வி. 1876 நவம்பரில் புறப்பட்டவர், மாநாடு முறிந்த பிறகே திரும்பினார். ஆகவே டெம்பிளின் உத்தரவை அவர் கையெழுத்தாகக் காட்டக் கூடாது. ஆனால் திரும்பிய பின் 1878 ஏப்ரல் வரை அதே நாற்காலியில் இருந்தார். பஞ்சத்தின் கொடிய மாதங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். லிட்டனை மாற்றவில்லை, கொள்கையையும் மாற்றவில்லை. என் குற்றச்சாட்டு அந்த மாதங்களைப் பற்றியது.

கே: பக்கிங்காம் கால்வாய் அந்தக் கோமகன் பெயரா?
ப: ஆம். சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877–78 பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது.

கே: ஐ.சி.எஸ். (இந்திய ஆட்சிப் பணி) தேர்வின் வயது வரம்பைக் குறைத்தவர் இவரா?
ப: ஆம். 21 என்றிருந்த உச்ச வயதை 19 ஆக்கினார். கப்பலேறி லண்டன் போய் எழுத வேண்டிய இந்தியப் பையன்களுக்குக் கதவு கிட்டத்தட்ட மூடியது. வங்காளத் தலைவர் சுரேந்திரநாத் பானர்ஜி இதை எதிர்த்து ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்.

கே: அப்போதைய பிரதமர் டிஸ்ரேலி பற்றி?
ப: தனியாகக் கேளுங்கள்.

கே: 1860இல் சாலிஸ்பரி பிரபு என்று இருப்பவர் இவரா?
ப: இல்லை, அவர் அப்பா. ஆண்டு, ஆண்டு!