மகள் ஹாஸ்டலில் தங்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் படிக்கும் என் மகள், விடுமுறையில் ஹாஸ்டல்களில் தங்கி ஊர் சுற்றப்போவதாகச் சொல்கிறாள். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில் தங்குவது சரியா?
- ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: உங்கள் கவலை நியாயமானது, ஆனால், தாராளமாக அனுப்பலாம். பயணிகள் ஒரே அறையைப் பகிர்ந்து தங்கும் இளைஞர் விடுதி (யூத் ஹாஸ்டல்) என்ற ஏற்பாடு பிறந்ததே ஜெர்மனியில்தான். 1909-இல் மாணவர்களோடு நடைப்பயணம் சென்று, இடிமழையில் சிக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி இரவைக் கழித்த ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஆசிரியர், விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளைப் பயணிகளுக்குத் திறந்துவிடலாமே என்று எண்ணினார். அதன் தொடர்ச்சியாக 1912-இல் ஜெர்மனியின் ஆல்டெனா நகரக் கோட்டையில் நிலையான விடுதி உருவானது. அன்றைய மூன்றடுக்கு மரக்கட்டில்களை இன்றும் அங்கே பார்க்கலாம்.

இளைஞர் விடுதிச் சங்கத்தின் விடுதிகளில் தங்க உறுப்பினர் அட்டை தேவை. காலை உணவு பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கிவிடும். தனியார் ஹாஸ்டல்களில் ஆண், பெண் இருபாலரும் தங்கும் அறைகளும் உண்டு என்பதால், பெண்களுக்கான அறை என்று பார்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். லாக்கர் இருந்தாலும் பல இடங்களில் பூட்டு இராது என்பதால், சிறிய பூட்டு ஒன்றை அவர் எடுத்துச் செல்லட்டும். பாஸ்போர்ட்டும் பணமும் எப்போதும் உடலோடு இருக்கட்டும்.