பெட்ரோல் வரி ஏறினால் மைலேஜ் வண்டிக்கு மாறிவிடுவோமா?

குடியாத்தத்திலிருந்து வேலூருக்குத் தினமும் பழைய ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வரும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பெட்ரோல் வரியைக் கூட்டினால்தான் ஜனங்கள் மைலேஜ் வண்டிக்கு மாறுவார்கள் என்கிறார்களே, சரியா? நானும் வண்டியை மாற்றிவிடலாமா?"

முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். போக வர 60 கிலோமீட்டர், மாதம் 26 நாள். லிட்டருக்கு 40 கொடுக்கும் வண்டி 39 லிட்டர் குடிக்கும், 60 கொடுக்கும் பைக்குக்கு 26 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 1,300 ரூபாய் மிச்சம். இப்போது வரியை 5 ரூபாய் ஏற்றினால் என்ன ஆகும்? மிச்சம் இன்னும் 65 ரூபாய் கூடும், அவ்வளவுதான். ஆனால் பழைய வண்டியிலேயே ஓடிக்கொண்டிருக்கும் உங்களுக்கு 195 ரூபாய் கூடுதல் செலவு. 1,300 ரூபாய் மிச்சத்துக்கே மாற முடியாதவரை 65 ரூபாயா மாற்றிவிடும்? கையில் முன்பணம் இல்லை என்பதுதானே பிரச்சினை!

இன்னொன்று, மாநிலம் தனியாக வரி ஏற்றினாலும் பலன் குறைவு. ஆந்திராவில் வரி அதிகம் என்பதால் சித்தூர் பக்கத்து வண்டிகள் காட்பாடி பக்கம் உள்ள நம் எல்லை பங்க்குகளில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போவது இங்கே எல்லோருக்கும் தெரியும், வரி அவர்களை வேறு பங்க்குக்குத்தான் அனுப்பியது, ஷோரூமுக்கு இல்லை. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் கூட்டியபோதோ பங்க்கில் விலையே மாறவில்லை, பிறகு யார் வண்டியை மாற்ற யோசிப்பார்கள்?

அதற்காகப் பெட்ரோல் வரியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதிகம் ஓட்டுபவர் அதிகம் கட்டுவது நியாயம்தான். ஆனால் மைலேஜுக்கான தூண்டுதல் வண்டி வாங்கும் இடத்தில் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசி வரையுள்ள பெட்ரோல் பைக்குகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 35 கொடுக்கும் வண்டிக்கும் அதே வரி, 65 கொடுக்கும் வண்டிக்கும் அதே வரி. அங்கே வித்தியாசம் வையுங்கள், பெட்ரோலில் வரும் பணத்தில் ஒரு பங்கை உங்களைப் போன்றவர்களின் முன்பணத்துக்குக் கொடுங்கள் என்றுதான் அரசிடம் கேட்பேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? புது பைக்கின் தவணை 1,300 ரூபாய்க்குள் அடங்காது, நல்ல நிலையில் உள்ள 100 சிசி செகண்ட் ஹேண்ட் பைக் பாருங்கள். அதற்கு முன் ஏர் ஃபில்டரை மாற்றி, டயரில் காற்றைச் சரிபார்த்து, டேங்க்கை முழுக்க நிரப்பி கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை முழுக்க நிரப்பும்போது, ஓடிய தூரத்தை அப்போது பிடித்த லிட்டரால் வகுங்கள். 50 வந்தால் இந்த ஸ்கூட்டரையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.