ஃப்ளெமிஷ் (இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதி) ஓவியங்களில், பழங்கள் நிரம்பி வழியும் விலங்குக் கொம்போடு வரும் பெண் யார்?

பெரும்பாலும் சீரிஸ், ரோமானியர்களின் விளைச்சல் தெய்வம். சில படங்களில் 'வளம்' என்ற கருத்துக்கே கொடுத்த பெண்ணுருவம். கையிலிருப்பது, கிரேக்கப் புராணத்தில் குழந்தை சீயஸுக்குப் பால் கொடுத்த அமால்தியா என்ற ஆட்டின் கொம்பு. அள்ள அள்ளக் குறையாது.

எனக்குப் பிடித்தது கிளாஸ்கோ கெல்வின்குரோவ் அருங்காட்சியகப் படம் (சுமார் 1615). பல முலைகள் கொண்ட இயற்கைத் தாயின் சிலையை மூன்று தேவியர் அலங்கரிக்கிறார்கள். ஆட்கள் ஓவியர் ரூபன்ஸின் கைவண்ணம். பூவும் பழமும் இன்னொரு ஓவியர், மூத்த யான் புரூகல் வரைந்தவை. ஒரே படத்தை இப்படிப் பங்குபோட்டு வரைவது இருவரும் வாழ்ந்த அன்றைய ஆண்ட்வெர்ப் நகரில் சகஜம். புரூகல் லேசுப்பட்டவரில்லை: ஊரில் கிடைக்காத பூக்களை நேரில் பார்த்து வரைய பிரஸ்ஸல்ஸ் போனதாக 1606-இல் கடிதமே எழுதியிருக்கிறார்.

இந்தச் செழிப்புக்குப் பின்னால் அரசியலும் உண்டு. இப்பகுதியை ஆண்ட ஸ்பெயினுக்கும் வடக்கே கிளர்ந்தெழுந்த டச்சுக்காரர்களுக்கும் நடந்த நீண்ட போருக்குப் பிறகு 1609-இல்தான் 12 ஆண்டுப் போர்நிறுத்தம் வந்தது.