பென் டிரைவில் ஐயாயிரம் ஃபான்ட், பில் மட்டும் கிடையாது

கேள்வி: நானும் நண்பரும் காட்பாடியில் சின்னதாக ஒரு டிசைன் கடை போட்டிருக்கிறோம். வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜுக்கு போர்டு, விசிட்டிங் கார்டு, ரூம் வாடகை அட்டை, வெப்சைட் எல்லாம் செய்ய ஆர்டர் வந்திருக்கிறது. தமிழ், ஆங்கிலம், வங்காளம் மூன்றும் வேண்டும். "வளைவு நெளிவு வேண்டாம், சிம்பிளா, பளிச்சுனு இருக்கணும்" என்கிறார் ஓனர். ஒருவர் ஐயாயிரம் ஃபான்ட் அடங்கிய பென் டிரைவை 500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். எங்களுக்குப் பிடித்த வெளிநாட்டு ஃபான்டோ ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். அந்தக் காசை போர்டில் போடுங்கள்.

ஃபான்டுக்குக் கொடுக்கிற காசு, அதைப் பயன்படுத்தும் அனுமதிக்கான காசு. அனுமதியைத் தர வேண்டியவர் அதை உருவாக்கியவர். பென் டிரைவ்காரர் பில்லே தரமாட்டார், அனுமதியை எங்கிருந்து தருவார்? இப்படிச் சேர்த்து விற்கிறவற்றில் பலவும் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம்' என்கிற ரகம். லாட்ஜ் போர்டு சொந்த உபயோகம் ஆகாது. பிரச்சினை வந்தால் உங்களோடு லாட்ஜ் ஓனரையும் இழுத்துவிட்ட மாதிரி ஆகும்.

விலை கொடுத்து வாங்குவதிலும் கணக்கு இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றி அச்சுக்குப் பயன்படுத்த ஒரு லைசன்ஸ், வெப்சைட்டுக்கு இன்னொன்று, ஆப்புக்கு வேறொன்று என்று பிரித்து விற்பதுதான் வழக்கம். நீங்கள் பார்த்த விலை முதலாவதுக்கு மட்டுமாக இருக்கலாம். அதைவிட முக்கியம், அதில் தமிழ் இருக்கிறதா என்பது. பாப்பின்ஸ் என்று ஒரு பிரபல ஃபான்ட். "பாப்பின்ஸில் தமிழ் அடிச்சேன் சார், நல்லா வந்துச்சே" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அதில் ஆங்கிலமும் தேவநாகரியும் (இந்தி எழுத்து)தான் இருக்கின்றன, தமிழ் கிடையாது. விண்டோஸ் அந்த இடத்தில் தன்னுடைய தமிழ் ஃபான்டான நிர்மலாவையோ லதாவையோ கொண்டுவந்து வைத்திருக்கும். பார்ப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது ஹிந்த் குடும்பம். தமிழுக்கு ஹிந்த் மதுரை, வங்காளத்துக்கு ஹிந்த் சிலிகுரி. இரண்டிலும் ஆங்கில எழுத்து கூடவே வரும், ஒரே கை எழுதியது போலவும் இருக்கும். மெல்லியதிலிருந்து தடிமன் வரை ஐந்து அளவு கனம் உண்டு. நாளைக்கு இந்தியும் தெலுங்கும் சேர்க்கச் சொன்னால் (சித்தூர் பக்கத்தில் இருக்கும்போது கேட்காமல் இருப்பார்களா?) அதற்கும் அதே குடும்பத்தில் ஆள் இருக்கிறது. குறுகிய போர்டில் நீளமான பெயரை அடக்க வேண்டுமென்றால் அனேக் தமிழ் பாருங்கள். எழுத்தின் அகலத்தையே கூட்டிக் குறைக்கலாம். தமிழும் ஆங்கிலமும் மட்டும் போதுமென்றால் கேட்டமரான் எனக்குப் பிடிக்கும். பெயரே நம்ம கட்டுமரம்தான். எல்லாமே கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸின் கீழ் கிடைக்கின்றன. அச்சு, போர்டு, லோகோ, வெப்சைட் எதற்கும் காசு கிடையாது. ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. டவுன்லோடு செய்யும்போது கூடவே வரும் லைசன்ஸ் ஃபைலையும் ஆர்டர் ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.

இனி ஓனரின் 'வளைவு நெளிவு வேண்டாம்'. தமிழில் அது நடக்காத காரியம், 'அ'வைக்கூட எழுத முடியாது. ஆங்கிலத்தில் சான்ஸ் செரிஃப் என்றால் எழுத்தின் நுனியில் இருக்கும் சின்ன நீட்டல்கள் இல்லாதது. தமிழ் எழுத்தில் அந்த நீட்டலே கிடையாது. நமக்கு எளிமை என்பது கோடு எல்லா இடத்திலும் ஒரே கனமாக ஓடுவது. அப்படி ஓடும்போதுதான் சுழிகள் அடைபடும். விசிட்டிங் கார்டு அளவில் 'வெந்நீர்', 'தண்ணீர்', 'அண்ணா சாலை' மூன்றையும் 7 பாயின்டில் அச்செடுத்துப் பாருங்கள். 'ண்ண'வின் சுழிகள் மைப்பொட்டாகிவிட்டால் ஒரு படி மெல்லிய கனத்துக்குப் போங்கள். போர்டுக்கு நேர்மாறு: உள்ளே எல்இடி வைத்த அக்ரிலிக் எழுத்து என்றால் மெல்லிய கோட்டுக்குள் விளக்கே உட்காராது. அளவுக்கு போர்டுக்காரர்கள் சொல்லும் கணக்கு பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஐம்பதடியில் ஆட்டோவிலிருந்து இறங்குபவர் படிக்க வேண்டுமானால், 'க'வின் உயரமே ஐந்து அங்குலம் வேண்டும். 'கூ'வின் வாலைச் சேர்த்து அளக்காதீர்கள்.

வாடகை அட்டையில் ஒரு ஆபத்து இருக்கிறது. வங்காள எண்களில் 4 என்பது நம் கண்ணுக்கு அப்படியே 8. அவர்களுடைய 7, ஏறக்குறைய நம் 9. வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவரும் கவுன்டரில் இருப்பவரும் ஒரே அட்டையைப் பார்த்து 400, 800 என்று சண்டை போடுவார்கள். மூன்று மொழிக்கும் வழக்கமான எண்களையே போடுங்கள். ₹ குறி வருகிறதா என்றும் பாருங்கள். உதயகுமார் வடிவமைத்த அந்தக் குறி 2010இல்தான் வந்தது, அதற்கு முந்தைய ஃபான்டுகளில் இருக்காது.

கடைசியாக, பழைய ஃபோட்டோஷாப் என்றால் தமிழ் அடிக்குமுன் டைப் செட்டிங்கில் இந்திய மொழிகளுக்கான வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது எழுத்தை கர்வ் ஆக்கி (ஃபான்ட் தேவைப்படாத வெறும் படக்கோடாக மாற்றி) அனுப்புங்கள். நான் ஒருமுறை அப்படியே அனுப்பிவிட்டு, கார்டில் 'வேலூர்' என்பதில் 'வ'வுக்குப் பின்னால் கொம்பு தனியாக நிற்க, ஆயிரம் கார்டை வீட்டில் கணக்கு எழுதித் தீர்த்தேன்.

கேள்வி: 'பன்மொழி வசதி உண்டு' என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் ஃபான்ட் வாங்கினேன். தமிழ் வரவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: கஷ்டம்தான், ஆனால் கேட்டுப் பாருங்கள். அந்த வார்த்தைக்கு அவர்கள் அகராதியில் பெரும்பாலும் பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற ஐரோப்பிய மொழிகள் என்று அர்த்தம். விளம்பர வாசகத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பில்லையும் வைத்து உடனே மெயில் எழுதுங்கள். ஃபைலை இறக்கிவிட்டால் ரீஃபண்ட் கிடையாது என்பார்கள். தமிழ் உண்டு என்று எங்காவது பெயர் சொல்லிப் போட்டிருந்தால் உங்கள் கை ஓங்கும். விற்றவர் இந்திய நிறுவனம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அடுத்த முறை, வாங்கும் பக்கத்தில் எழுத்தை அடித்துப் பார்க்கும் பெட்டி இருந்தால் 'ஸ்ரீ'யும் 'கௌ'வும் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: பழைய பாமினி மேட்டரைப் புது ஃபான்டுக்கு மாற்றினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. ஃபான்டில் கோளாறா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: ஃபான்டில் குறை இல்லை. பாமினி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த பழைய ஏற்பாடு. அதில் 'தமிழ்' என்பது உள்ளுக்குள் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. இலவசக் கன்வெர்டரில் போட்டு யூனிகோடாக (தமிழுக்கென்றே தனி இடம் உள்ள இன்றைய முறை) மாற்றிவிட்டுப் புது ஃபான்டைக் கொடுங்கள். நடுவில் இருக்கும் ஆங்கில வார்த்தைகளை முதலிலேயே தனியாக எடுத்துவையுங்கள், இல்லாவிட்டால் அவையும் தமிழாகிவிடும்.